வெளி அலாய் வீல், புது டயர்: மாட்டிய பின் வரும் தொல்லைகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

கார் கம்பெனி தராத, வெளிக் கடையில் ஆசையாக வாங்கிய அலாய் (கலப்பு உலோக) வீலை மாட்டிவிட்டு மறுவாரமே முகம் வாடி வருபவர்கள் சொல்லும் புகார்கள் ஏழெட்டுக்குள் அடங்கிவிடும். உரசுகிறது, நடுங்குகிறது, இழுக்கிறது, காற்று நிற்கவில்லை, டாஷ்போர்டில் விளக்கு எரிகிறது. காரணங்களும் திரும்பத் திரும்ப அதேதான். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தேடி அலுத்துப்போய், எந்த அறிகுறிக்கு எதை முதலில் பார்ப்பது என்று எழுதி வைத்துக்கொண்டேன். காசு செலவில்லாத சோதனை முதலில் வரும், பணம் கேட்கும் வேலை கடைசியில் வரும்.

அதற்கு முன் ஒன்று. கழற்றிய பழைய வீல்களை அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள், ஒரு மாதமாவது மூலையில் கிடக்கட்டும். சந்தேகம் வந்தால் பழையதை மாட்டி அதே ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். தொல்லை போய்விட்டால் குறை புது வீலிலோ டயரிலோ இருக்கிறது. போகவில்லை என்றால் குறை காரில் இருக்கிறது. இதைவிட நல்ல சோதனைக் கருவி எந்தக் கடையிலும் கிடையாது. கீழே பல இடங்களில் 'பழையதை மாட்டிப் பாருங்கள்' என்று வருவது இதைத்தான்.

முதலில் எண்களை எழுதிக்கொள்ளுங்கள்

பழைய வீலையும் புது வீலையும் குப்புறக் கவிழ்த்து, பின்பக்கம் பொறித்திருப்பதைப் படியுங்கள். 6ஜே × 15, ஈ.டி.45 என்பது போல இருக்கும். 6 என்பது ரிம்மின் அகலம் அங்குலத்தில், 15 விட்டம். ஈ.டி. என்பது ஆஃப்செட், அதாவது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் (காரில் வீல் மாட்டும் சுழலும் நடுப்பகுதி) ஒட்டும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்ற கணக்கு. ஈ.டி. எண் குறையக் குறைய வீல் வெளியே தள்ளிக்கொண்டு வரும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு வாங்கியவர்கள் நிறைய.

கூடவே குறிக்க வேண்டியவை: நட் துளைகளின் வட்டம், அதாவது பி.சி.டி. (4 × 100, 5 × 114.3 போல). நடுத்துளையின் விட்டம். நட்டின் மரையளவும் அதன் உட்காரும் பகுதி கூம்பா, உருண்டையா, தட்டையா என்பதும். வீல் தாங்கக்கூடிய அதிகபட்ச எடை. டயரின் முழு அளவு, கடைசியில் வரும் எண்ணும் எழுத்தும் உட்பட.

பேச்சு வசதிக்கு ஒரு உதாரணக் காரை எடுத்துக்கொள்வோம். பழையது 185/65 ஆர்15 88எச் டயர், 6ஜே ரிம், ஈ.டி.45. (185 டயரின் அகலம் மி.மீ.இல், 65 பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம், 15 ரிம் அங்குலம், 88 பாரக் குறியீடு, எச் வேக எழுத்து.) புதியது 195/55 ஆர்16 டயர், 7ஜே ரிம், ஈ.டி.35.

அறிகுறி 1: மாட்டும்போதே வீல் சரியாக உட்காரவில்லை

*கையால் திருகும்போது கடைசி நட் சாய்ந்து போகிறது*

பி.சி.டி. தவறாக இருக்கலாம். 4 × 98 வீலை 4 × 100 ஹப்பிலும், 5 × 112 வீலை 5 × 114.3 ஹப்பிலும் எப்படியோ நுழைத்துவிட முடியும், அதில்தான் ஆபத்து. ஐந்து துளை வீலில் அடுத்தடுத்த இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடையே 114.3க்கு சுமார் 67.2 மி.மீ. வரும், 112க்கு சுமார் 65.8. ஒன்றரை மி.மீ.கூட வித்தியாசம் இல்லை. வளைந்த டேப்பை வைத்துப் பார்த்தால் பிடிபடாது, வெர்னியர் காலிப்பரால் அளக்க வேண்டும். எல்லா நட்டும் ஸ்பேனர் தொடாமல், கை விரலாலேயே அடி வரை ஓட வேண்டும். 'இறுக்கினால் தானாக உட்கார்ந்துவிடும்' என்று யாராவது சொன்னால் அந்த வீலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

*நட் நேராகத்தான் போகிறது, வீல் முழுதாக ஒட்டவில்லை*

ஹப் முகத்தில் துருவும் அழுக்கும் தடித்திருக்கலாம். கம்பி பிரஷால் தேய்த்துத் துடையுங்கள். பிரேக் டிஸ்க்கைப் பிடித்திருக்கும் சிறு திருகோ, தொழிற்சாலையில் போட்ட தகட்டு கிளிப்போ துருத்திக்கொண்டு நிற்கிறதா பாருங்கள். பழைய வீலில் இருந்த மைய வளையம் (ஹப்புக்கும் நடுத்துளைக்கும் இடையே உள்ள வெளியை நிரப்புவது) ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. இவை எதுவும் இல்லை, நடுத்துளைதான் ஹப்பைவிடச் சின்னது என்றால் அரத்தை எடுத்து ராவ வேண்டாம். அதைக் கடைசல் பட்டறையில் மையம் பிசகாமல் கடைய வேண்டும். அதையும் வீலில் போதிய கனம் இருந்தால்தான் செய்யலாம். வேறு வீல் பார்ப்பதே நல்லது.

*வீலைச் சுற்றினால் பிரேக் கேலிப்பரில் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) இடிக்கிறது*

விட்டம் பெரிதானால் இடமும் பெரிதாகும் என்று நம்பிவிட முடியாது. ஆரக்கால் உட்பக்கம் குவிந்திருந்தால் 17 அங்குல வீல்கூட இடிக்கும். கேலிப்பரின் மேல் குழந்தைகள் விளையாடும் களிமண்ணில் சின்ன உருண்டை ஒட்டி, வீலை மாட்டிக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றுங்கள். நசுங்கி மிஞ்சிய கனம்தான் உங்கள் இடைவெளி. 3 மி.மீ.யாவது இருக்க வேண்டும். இடிப்பது உள்ளே ஒட்டிய பேலன்சிங் எடை (வீல் சீராகச் சுழல ஒட்டும் சிறு உலோகத் துண்டு) மட்டும்தான் என்றால் அதை வேறு வரிசையில் ஒட்டச் சொன்னால் போதும், பைசா செலவில்லை. ஆரக்காலே இடித்தால் ஸ்பேசர் (வீலுக்கும் ஹப்புக்கும் நடுவே வைக்கும் தகடு) கேட்கத் தோன்றும். அதைப் பற்றி அடுத்த அறிகுறியில்.

அறிகுறி 2: 'கடக் கடக்' சத்தம், நட் தளர்கிறது (ஓட்டுவதை நிறுத்துங்கள்)

மற்ற எல்லா அறிகுறிக்கும் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று சொல்ல இடமுண்டு, இதற்கு இல்லை. ஓரமாக நிறுத்தி நட்டைத் தொட்டுப் பாருங்கள்.

மிகச் சாதாரணக் காரணம், மாட்டிய பிறகு ஒரு முறைகூடத் திரும்ப இறுக்கிப் பார்க்காதது. புது அலாய் வீலில் நட் உட்காரும் இடத்துப் பெயின்ட் நசுங்கி இறங்கும், அதனால் இறுக்கம் குறையும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும், வீல் ஆறிய பிறகு டார்க் ரெஞ்ச் (இறுக்க அளவு வைத்து முடுக்கும் ஸ்பேனர்) வைத்துச் சரிபார்க்க வேண்டும். எம்12 (12 மி.மீ. மரை) நட் உள்ள கார்களில் இறுக்க அளவு பெரும்பாலும் 80 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் வரும், உங்கள் காரின் கையேட்டில் உள்ள எண்தான் கணக்கு. மரையில் எண்ணெயோ கிரீஸோ பூசாதீர்கள். பூசினால் அதே எண்ணில் ஸ்டட் (ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும், நட் ஏறும் மரைக் கம்பி) அளவுக்கு மேல் இழுபட்டுவிடும்.

அடுத்த காரணம் நட்டின் உருவம். வெளி அலாய் வீல்கள் பலவற்றுக்கு 60 டிகிரி கூம்பு நட் வேண்டும். கம்பெனி வீலுக்கு வந்த உருண்டை அல்லது தட்டை நட்டையே அதில் போட்டால் மெல்லிய ஒரு வளையக் கோட்டில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். இறுக்கும்போது கல் மாதிரி இருக்கும், இருநூறு கிலோமீட்டரில் தளரும். நட்டைக் கழற்றி வீல் துளையின் வாயைப் பாருங்கள். பளபளப்பு ஒரு பட்டை போல அகலமாகத் தெரிய வேண்டும். நூல் போல ஒற்றைக் கோடு தெரிந்தால் நட் மாற வேண்டும்.

மூன்றாவது, மரை போதிய அளவு ஏறாதது. நட் தொட்டதிலிருந்து இறுகும் வரை எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். எம்12 × 1.5க்கு (பின்னெண் ஒரு சுற்றுக்கு நட் ஏறும் மி.மீ.) குறைந்தது 8 சுற்று, எம்12 × 1.25க்கு 10, எம்14 × 1.5க்கு 9 முதல் 10. ஸ்பேசர் போட்டவர்கள் இங்கேதான் சிக்கிக்கொள்வார்கள். வெறும் தட்டையாகச் செருகும் 10 மி.மீ. ஸ்பேசர், மரையில் 10 மி.மீ.யைச் சாப்பிட்டுவிடும். அப்போது நீளமான ஸ்டட் போட்டாக வேண்டும். தனியே போல்ட் செய்து மாட்டும் ஸ்பேசராக இருந்தால் ஹப்புக்கு மையம் பிடிக்கும் விளிம்பு அதில் இருக்கிறதா பாருங்கள். எனக்கு ஸ்பேசர் மேல் பெரிய பிரியம் கிடையாது. சரியான ஈ.டி. வீல் கிடைக்கும்போது அது தேவைப்படுவதில்லை.

மெக்கானிக்கிடம் போக வேண்டிய இடம்: ஸ்டட் ஒன்று உடைந்திருந்தாலோ, நட் துளை முட்டை வடிவாகியிருந்தாலோ. அந்த வீல் இனி வேண்டாம். உடைந்த ஸ்டட்டின் பாரத்தைப் பக்கத்து ஸ்டட்கள் சுமந்திருக்கும் என்பதால் அந்த ஹப்பில் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லுங்கள்.

அறிகுறி 3: நடுக்கம்

'நடுங்குகிறது' என்று மட்டும் சொன்னால் யாராலும் சரிசெய்ய முடியாது. எந்த வேகத்தில், எங்கே என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். ஸ்டியரிங் நடுங்கினால் பெரும்பாலும் முன் வீல். சீட்டும் தரையும் நடுங்கினால் பெரும்பாலும் பின் வீல்.

*80-110 வேகத்தில் தொடங்கி, அதைத் தாண்டினால் குறைகிறது*

எல்லோரும் நேரே பேலன்சிங் செய்ய ஓடுவார்கள். நான் முதலில் நடுத்துளையைத்தான் பார்ப்பேன். வெளி அலாய் வீல்களில் பல, எல்லாக் கார்களுக்கும் பொருந்தட்டும் என்று 73.1 மி.மீ. போன்ற பெரிய நடுத்துளையோடு வருகின்றன. காரின் ஹப் 54.1, 56.1, 57.1, 67.1 என்று ஏதோ ஒன்றாக இருக்கும். இடையில் உள்ள வெளியை நிரப்ப ஒரு மெல்லிய வளையம் வேண்டும். அது இல்லாவிட்டால் வீல் மையத்திலிருந்து அரை மி.மீ. விலகி இறுகிவிடும். பேலன்சிங் மெஷினில் கூம்பு வைத்து மையம் பிடிப்பதால் அங்கே எல்லாம் பூஜ்யம் காட்டும். காரில் மாட்டினால் பழைய குருடி கதவைத் திறடி.

ஒரு காரை மூன்று முறை பேலன்ஸ் செய்தும் நடுக்கம் போகவில்லை என்று கொண்டுவந்தார்கள். வீலைக் கழற்றினால் வளையம் ஒழுங்காகத்தான் இருந்தது. கறுப்புப் பிளாஸ்டிக், வீலில் கச்சிதமாக அழுந்தி உட்கார்ந்திருந்தது. நானும் அதைக் குறை சொல்லாமல் டயரைத்தான் அரை மணி நேரம் உருட்டி உருட்டிப் பார்த்தேன். கடைசியில் வளையத்தை நகத்தால் நெம்பி எடுத்து வெளிச்சத்தில் திருப்பியபோது ஓரத்தில் 73.1 - 57.1 என்று பொடி எழுத்தில் இருந்தது. காரின் ஹப்போ 56.1. ஒரே ஒரு மி.மீ. சரியான வளையம் போட்டதும் ஸ்டியரிங் அடங்கியது. அன்றிலிருந்து வளையம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை, அதன் எண்ணையும் படிக்கிறேன்.

வளையம் சரி என்றால் அடுத்து மாட்டிய விதம். காரை ஜாக்கியில் தூக்கிய நிலையிலேயே எல்லா நட்டையும் கையால் ஓட்டி, குறுக்கு மறுக்காக, நட்சத்திரம் போடுவது போல, மெல்ல இறுக்க வேண்டும். வீல் தரையில் அழுந்திய பிறகு முதல் இறுக்கம் போட்டால் அது கோணலாகவே நின்றுவிடும். இறக்கியதும் டார்க் ரெஞ்ச் வைத்துக் கடைசி இறுக்கம்.

அதுவும் சரி என்றால் இப்போது பேலன்சிங். எடை விழுந்த தடம், ரிம்முக்குள் காய்ந்த சேறு, பழைய எடையை எடுக்காமலே மேலே ஒட்டிய புது எடை, இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். நான்கையும் பேலன்ஸ் செய்த பிறகும் நடுக்கம் நீடித்தால் முன் வீலைப் பின்னே மாற்றிப் பாருங்கள். நடுக்கம் ஸ்டியரிங்கிலிருந்து சீட்டுக்கு இடம் மாறினால் அந்த வீலோ டயரோதான் ஆள்.

*30-40 வேகத்திலேயே தள்ளாடுவது போல இருக்கிறது*

இது பேலன்சிங் ஆகாது, வடிவக் கோளாறு. டயர் ரிம்மில் முழுதாக ஏறி உட்காராமல் இருக்கலாம். ரிம் விளிம்பை ஒட்டி டயரின் பக்கச் சுவரில் ஒரு மெல்லிய கோடு ஓடும். அது சுற்றிலும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் ரிம்முக்குள் மறைந்தால் காற்றை இறக்கி, சோப்புப் பசை தடவி, மறுபடி ஏற்றச் சொல்லுங்கள். பிறகு காரைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, ரிம் விளிம்புக்கு அருகே பென்சிலை ஆடாமல் ஊன்றி வைத்து வீலைச் சுற்றுங்கள். விளிம்பு பென்சிலை நெருங்கி விலகுவது ஒரு மி.மீ.க்கு மேல் இருந்தால் ரிம் வளைந்திருக்கிறது. ரிம் நேராக இருந்து டயர் மட்டும் ஏறி இறங்கினால் டயரைத் திருப்பிக் கொடுங்கள். பக்கச் சுவரில் புடைப்பு இருந்தால் பேச்சே இல்லை, அந்த டயர் முடிந்தது.

*பிரேக் பிடிக்கும்போது மட்டும்*

நட்டுகளை ஏர் கன்னால் ஒன்றுக்கு ஒன்று மாறுபட்ட அளவில் இறுக்கியிருப்பார்கள். தளர்த்தி, அளவு பார்த்து மறுபடி இறுக்குங்கள். பழைய வீலிலும் அதே நடுக்கம் இருந்தால் டிஸ்க்கை அளந்து பார்க்க மெக்கானிக் வேண்டும்.

அறிகுறி 4: உரசல்

எங்கே உரசுகிறது என்று காதால் கண்டுபிடிக்க முடியாது. வீல் வளைவின் உள் லைனரிலும் மட்கார்டு விளிம்பிலும் சுண்ணாம்புத் தூளோ முகப் பவுடரோ அப்பிவிட்டு, காலி இடத்தில் மெதுவாக ஓட்டுங்கள். இரண்டு பக்கமும் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து ஒரு வட்டம். பின் சீட்டில் மூன்று பேரை ஏற்றி, வேகத்தடையின் மேல் ஒரு பக்க வீலை மட்டும் ஏற்றி ஒரு தடவை. பவுடர் அழிந்த இடம் உண்மையைச் சொல்லும்.

முழுதாக ஒடிக்கும்போது லைனரின் முன் அல்லது பின் பகுதியில் அழிந்திருந்தால் லைனரின் கிளிப்போ திருகோ கழன்று தொங்குகிறதா என்று பாருங்கள். பாதிக் கேஸ்கள் இங்கேயே முடியும். கிளிப் சரியாக இருந்தால் டயரின் வெளி விட்டம் கூடியிருக்கிறது.

வெளி விட்டத்தை எப்படிக் கணக்கிடுவது? அகலத்தைச் சதவீதத்தால் பெருக்கி, இரட்டித்து, ரிம் அங்குலத்தை 25.4ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். 185/65 ஆர்15க்கு 621.5 மி.மீ. வரும். 195/55 ஆர்16க்கு 620.9, கிட்டத்தட்ட அதேதான். 205/55 ஆர்16 என்றால் 631.9, 1.7 சதவீதம் அதிகம், பல கார்களில் சமாளிக்கும். 205/60 ஆர்16 என்றால் 652.4, 5 சதவீதம் கூடுதல். 'ஒரு சைஸ்தானே கூட' என்று இதைப் போட்டவர்கள்தான் உரசலோடு வருபவர்களில் அதிகம். 2 சதவீதத்துக்குள் நிற்பது என் வழக்கம், 3ஐத் தாண்ட விடமாட்டேன்.

மேட்டிலும் பாரத்திலும் மட்கார்டு விளிம்பில் உரசினால் வீல் வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். நம் உதாரணக் காரைப் பாருங்கள். பழைய ரிம்மின் பாதி அகலம் 76.2 மி.மீ., அதில் ஈ.டி. 45ஐக் கழித்தால் வெளி விளிம்பு ஹப்பிலிருந்து 31.2. புதியதில் பாதி அகலம் 88.9, அதில் 35ஐக் கழித்தால் 53.9. ஆக வீல் 22.7 மி.மீ. வெளியே வந்திருக்கிறது. அதே கணக்கைக் கூட்டிப் பார்த்தால் உட்பக்கம் 121.2லிருந்து 123.9 ஆகியிருக்கிறது, வெறும் 2.7தான். எனவே இந்தக் கார் வெளியேதான் உரசும். இதே ரிம் ஈ.டி.45ஆக இருந்தால் இரண்டு பக்கமும் 12.7 பங்கிட்டுக்கொள்ளும். வாங்கும் முன் இந்தக் கணக்குக்கு இரண்டு நிமிடம் போதும்.

மட்கார்டின் உள் மடிப்பை உருட்டித் தட்டையாக்கலாம், ஆனால் பெயின்ட் வெடித்துத் துரு பிடிக்கும். ஸ்பிரிங்கை மாற்றி உயர்த்தலாம், செலவு ஏறும். ஈ.டி. சரியான வீலாக மாற்றிக்கொள்வதே மலிவு.

ஷாக் அப்சார்பர் குழாயில், அதாவது உட்பக்கம் உரசல் தடம் தெரிந்தால் காரை ஓட்டாதீர்கள். டயரின் உள் சுவர் அறுந்துகொண்டிருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. ஓடும்போது அங்கே 5 மி.மீ.யாவது இடம் வேண்டும். பிரேக் ஹோஸையும் ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது வீல் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வயரையும் அதே நேரத்தில் தடவிப் பார்த்துவிடுங்கள். ஹோஸில் தேய்ந்த தடம் இருந்தால் டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி 5: ஒரு பக்கம் இழுக்கிறது, ரோட்டின் பள்ளத்தைத் தேடிப் போகிறது

முதலில் நான்கு வீலிலும் குளிர்ந்த நிலையில் காற்றை அளங்கள். பிறகு டயரில் சுழல் அம்பு இருந்தால் அது முன்னோக்கி ஓடும் திசையில் இருக்கிறதா பாருங்கள். அம்பு இல்லாத டயர் என்றால் முன் இடது, முன் வலது வீல்களை இடம் மாற்றி ஓட்டுங்கள். இழுப்பு எதிர்ப்பக்கம் திரும்பினால் டயரில் குறை, அலைன்மென்ட்டுக்கு (வீல்களின் கோணத்தைச் சீராக்கும் வேலை) பணம் கொடுக்க வேண்டாம். திரும்பவில்லை என்றால் அலைன்மென்ட்.

அகல டயரும் தணிந்த பக்கச் சுவரும் போட்டால் ரோட்டில் விழுந்த தடத்தை ஸ்டியரிங் கொஞ்சம் மோப்பம் பிடிக்கும். அது அவற்றின் சுபாவம். ஆனால் பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் கையைப் பறித்தால் ஈ.டி. மிகக் குறைந்துவிட்டது, அதை எந்த அலைன்மென்ட்டும் சரிசெய்யாது.

அறிகுறி 6: காற்று மெல்ல இறங்குகிறது

சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முதலில் வால்வின் நுனி, பிறகு வால்வின் அடி, பிறகு ரிம்மும் டயரும் சேரும் விளிம்பு இரண்டு பக்கமும், கடைசியாக ரிம்மின் உட்புற உருளை.

வால்வில் குமிழி என்றால் சில்லறை வேலை. விளிம்பில் குமிழி என்றால் டயரைக் கழற்றி, ரிம் உட்காருமிடத்தைத் துடைத்து மறுபடி மாட்ட வேண்டும். பழைய வீல் வாங்கியவர்களுக்கு அங்கே வெள்ளைப் பொடி போல அரிப்பு இருக்கும். ரிம் உருளையிலேயே குமிழி வந்தால் விரிசல். பள்ளத்தில் இறங்கி அடி வாங்கிய வீலில் இது உள் விளிம்பில்தான் ஒளிந்திருக்கும். வெல்டிங் வைத்துத் தருகிறோம் என்பார்கள். நான் என் காரில் போட மாட்டேன், அதனால் உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.

அறிகுறி 7: டாஷ்போர்டில் விளக்கு, தப்பான ஸ்பீடோமீட்டர்

டயர் காற்று விளக்கு எரிந்தால் காற்றைச் சரியாக நிரப்பி ரீசெட் செய்யுங்கள். வால்வோடு சேர்ந்த சென்சார் உள்ள கார் என்றால் அந்தச் சென்சார்கள் பழைய வீலுக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருக்கும். அவற்றை மாற்றி மாட்ட வேண்டும், அல்லது புதிது வாங்கிக் காருக்கு அறிமுகப்படுத்த வேண்டும்.

ஏ.பி.எஸ். விளக்கு எரிந்தால் வீல் மாற்றும்போது சென்சார் வயர் இழுபட்டதா என்று முதலில் பாருங்கள். அடுத்து நான்கு டயரும் ஒரே அளவா, முன்னும் பின்னும் விட்டம் ஒத்துப்போகிறதா பாருங்கள். நான்கு வீல் டிரைவ் கார்களில் இந்த வித்தியாசம் விளக்கோடு நிற்காது, எஞ்சின் சக்தியை வீல்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் டிஃபரன்ஷியலையும் தின்றுவிடும். அவற்றில் நான்கையும் ஒன்றாக மாற்றுவதே வழி.

ஸ்பீடோமீட்டர் கணக்கு எளிது. டயர் 5 சதவீதம் பெரிதானால் முள் 100 காட்டிய இடத்தில் முன்பைவிட 5 சதவீதம் வேகமாகப் போய்க்கொண்டிருப்பீர்கள்.

அறிகுறி 8: ஒரே பக்கம் தேய்கிறது, பாரம் ஏற்றினால் அசைகிறது

நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. உள் ஓரமோ வெளி ஓரமோ மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட். இது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் விடுவது இரண்டு விஷயம்.

ஒன்று, ரிம் அகலம். ஒவ்வொரு டயருக்கும் குறைந்தபட்ச, அதிகபட்ச ரிம் அகலம் உண்டு. 195/55 ஆர்16க்கு 5.5 முதல் 7 அங்குலம், 205/55 ஆர்16க்கு 5.5 முதல் 7.5. நம் உதாரணத்தில் 7ஜே எல்லையில்தான் நிற்கிறது, 7.5ஜே போட்டிருந்தால் தாண்டியிருக்கும். பக்கச் சுவரை இழுத்துக் கட்டியது போல டயர் நின்றால் ரிம் விளிம்பு கல்லில் அடிபடும், காற்று குறைந்தால் டயர் ரிம்மைவிட்டுக் கழலவும் செய்யும்.

இன்னொன்று பாரக் குறியீடு. பழைய டயரின் 88 என்பது ஒரு டயருக்கு 560 கிலோ. 195/55 ஆர்16இல் வழக்கமாகக் கிடைக்கும் 87 என்பது 545. காரில் எப்போதும் ஆள் நிறைந்தே இருக்கும் என்றால் அதே அளவில் வலுவூட்டிய 91 குறியீட்டு டயர் கேளுங்கள், அது 615 கிலோ தாங்கும், காற்று அழுத்தம் சற்றுக் கூடுதலாகக் கேட்கும். வேக எழுத்தும் பழையதைவிடக் கீழே இறங்கக் கூடாது: எச் என்றால் 210, வி என்றால் 240 கிலோமீட்டர். வீலின் பின்னால் பொறித்த எடை, பின் அச்சுக்கு அனுமதித்த எடையில் பாதியைவிடக் குறைந்தால் அந்த வீல் உங்கள் காருக்கு இல்லை. எடையே பொறிக்காத வீலை நான் கையில் எடுப்பதில்லை.

டயரின் பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களையும் பார்த்துவிடுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் செய்தது. 'புத்தம் புது டயர்' என்று கொடுத்ததில் இப்படி வயதானவை வரும்.

டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி

இதை யாரும் அறிகுறியாகச் சொல்லி வருவதில்லை. இரவில் நடுரோட்டில் பஞ்சர் ஆனபோதுதான் தெரியும். புது அலாய்க்கு மாற்றிய கூம்பு நட், பழைய இரும்பு ஸ்டெப்னிக்குப் பொருந்துகிறதா என்று இன்றைக்கே மாட்டிப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் பழைய நட்டுகளை ஒரு பையில் போட்டு ஸ்டெப்னியோடு கட்டி வையுங்கள். நட் ஒல்லியான சாவி போட்டுக் கழற்றும் வகை என்றால் அந்தச் சாவியும் அதே பையில் இருக்கட்டும். ஸ்டெப்னியின் விட்டம் மற்ற மூன்றோடு ஒத்துப்போகவில்லை என்றால் அடுத்த பஞ்சர் கடை வரைக்கும்தான், 80 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல்.